மாப்பிள்ளைக் காரின் சில்லுகள்

தக்ஷிகாவின் சிவப்புக் காரை ஹரோவில் தெரியாத தமிழர் குறைவு. இரண்டு கதவு, மிதித்தால் பாயும். ஆஸ்பத்திரியில் அதிகாலை ஷிப்ட் போகிறவள் என்பதால், நவம்பர் பிறந்ததும் டயர் கடையில் நின்று நிதானமாக விசாரித்து, அகலம் குறைந்த விண்டர் டயரும் அதற்கேற்ற சின்னக் கறுப்பு இரும்பு ரிம்மும் வாங்கிப் பூட்டினாள். காரோடு வந்த பெரிய, பளபளக்கும் அலோய் ரிம் நான்கையும் அவற்றின் கோடைக்கால டயர்களோடு தோட்டத்துக் கொட்டிலில் அடுக்கினாள். குளிரில் அந்த டயர் இறுகிவிடும், பிரேக் போட்டாலும் றோட்டைப் பிடிக்காது என்று வீட்டில் விளக்கினாள். அப்பா குகதாசனும் தலையாட்டினார். தலையாட்டக் காசா, பணமா?

மார்கழி கழிந்ததும் மூத்தவன் ஹரிசனுக்குக் கல்யாணம். மண்டபம் குரோய்டனில். மாப்பிள்ளை அந்தச் சிவப்புக் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்று குகதாசன் ஒற்றைக்காலில் நின்றார். இன்சூரன்ஸ் தக்ஷிகாவின் பெயரில் மட்டும் இருந்தபடியால் ஓட்டுவதும் அவள்தான். எல்லாம் சரி, அந்த இரும்பு ரிம்தான் அவர் கண்ணை உறுத்தியது. பெண் வீட்டார் வீடியோக்காரனோடு வாசலில் நிற்பார்களே! இதென்ன, கோழிக்கடை வானுக்குப் பூட்டுகிற சில்லு மாதிரி?

முதல்நாள் மகள் மருதாணி போடப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக்கே வந்து டயர் மாற்றுகிற ஆளைக் கூப்பிட்டுப் பெரிய சில்லுகளைப் பூட்டுவித்தார். "நாளைக்கு உறைபனி, இது கோடை டயர்" என்று வந்தவன் எச்சரித்தான். ஒரு நாள்தானே என்று குகதாசன் அவனை அனுப்பிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் சேலையோடு வாசலுக்கு வந்த தக்ஷிகா காரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பா, என்ரை விண்டர் டயர் எங்கை?"

பட்டும் தலைப்பாகையுமாக ஹரிசன் பக்கத்தில் நின்றான். ராகு காலம் தொடங்கமுன் வெளிக்கிட வேண்டும் என்று சொந்தங்கள் அவசரப்படுத்தின.

"இந்த ரிம்முக்கும் புது விண்டர் டயர் வாங்கிப் போட்டிருக்கு, பிள்ளை."

"உண்மையாவோ?"

"ஓம் எண்டுறன். ஏறு, நேரம் போகுது."

டயரின் பக்கவாட்டில் விண்டர் டயருக்குரிய பனிக்குறி இருக்கிறதா என்று குனியப்போனவளைத் தோளில் பிடித்து நிமிர்த்தி, அவரே கதவைத் திறந்துவிட்டார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். குகதாசன் சொன்னது ஒன்றே ஒன்று. அப்பா சொன்னால் சரி என்று அவளும் ஏறினாள்.

குரோய்டன் போகிற வழியில், ஸ்ட்ரெதம் தாண்டி உறைபனி படிந்த ஒரு இறக்கம். பின்னால் வானில் வந்த குகதாசன் எல்லாவற்றையும் பார்த்தார். பிரேக் வெளிச்சம் எரிந்தது, கார் நிற்கவில்லை. பின்பக்கம் சுழன்று, ஹரிசன் இருந்த பக்கம் செங்கல் மதிலில் போய் மோதியது.

தக்ஷிகாவுக்குக் கை முறிந்திருந்தது. ஹரிசனுக்கு முதுகெலும்பு. இனி நடப்பது கடினம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

வார்டு வாசலில் கல்யாண உடுப்போடு இருந்த சனம் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "ரேஸ் ஓடுற காரைப் பொம்பிளைப் பிள்ளையிட்டைக் குடுத்தால் இப்பிடித்தான்." தக்ஷிகாவோ, "விண்டர் டயர் இருந்தும் வழுக்கிட்டுது. என்ரை பிழைதான்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அதைக் கேட்ட குகதாசன் உண்மையை இப்போதே சொல்லிவிட நினைத்தார். பிறகு, மகன் கண்விழிக்கட்டும் என்று நினைத்தார். கோழைக்குச் சாட்டுக்கா பஞ்சம்?

கண்விழித்த ஹரிசன் முதலில் அப்பாவைத்தான் கேட்டான். அவர் கட்டிலருகே போனார்.

"காலிலை ஒண்டும் தெரியேல்லை, அப்பா."

குகதாசன் அழுதார்.

"தங்கச்சியை ஒருத்தரும் ஏச விடாதேங்கோ. நீங்களும் புது டயர் வாங்கிப் போட்டனீங்கள். அவளும் கவனமாத்தான் ஓடினவள். ஆரிலையும் பிழையில்லை."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"புது டயர் இல்லை, தம்பி. கொட்டிலுக்கை கிடந்த கோடை டயர்தான். நான் பொய் சொன்னனான்."

ஹரிசன் அவரிடமிருந்து பார்வையைத் திருப்பினான். அவன் கத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அதை வெளியிலை நிக்கிற சனத்துக்கு முன்னாலை அவளிட்டைச் சொல்லுங்கோ" என்றான். "சொல்லிப்போட்டு வீட்டை போங்கோ. இஞ்சை வராதேங்கோ."

குகதாசன் கதவைத் திறந்தார். என்ன செய்தியோ என்று எல்லோரும் எழுந்தார்கள். தக்ஷிகா மட்டும் தலை நிமிரவில்லை.

"பிள்ளை" என்று கூப்பிட்டார்.