திராவின் விரல்கள்

தர்மாஜியின் இடது காலைப் போன வருஷம் எடுத்துவிட்டார்கள். இப்போது வலது பாதமும் கறுக்கத் தொடங்கியிருந்தது. புகையால் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் நோய்.

"வியாழக்கிழமை மெஷின்ல ஊதச் சொல்வேன். மூச்சுல புகை காட்டுச்சுன்னா அடைச்ச குழாய மாத்த மாட்டேன். அந்தக் காலும் போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை அவரைப் புகைக்க விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் நர்சிங்கைப் பாதியில் விட்ட வார்டு உதவியாள். குடுஸ் ஊரில் இந்த வேலைக்கு யாரும் போட்டி போடுவதில்லை. கிராம்பு சேர்த்த கிரெத்தெக் சிகரெட்தான் ஊருக்கே சோறு போடுகிறது.

காலையில் தர்மாஜி நன்றாகத்தான் இருப்பார். நான் கொடுக்கும் நிகோடின் மிட்டாயை மென்றபடி வம்பு பேசுவார்.

"லே, இதை மென்னு மென்னு மாடாவே ஆயிட்டேன். கொஞ்சம் புல்லாவது போடுடா."

சாயங்காலம் மனைவி சுதிரா வந்து போன பிறகு வேறு ஆளாகிவிடுவார். பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒரே ஒரு இழுப்புக்குக் கெஞ்சுவார். ஒரு நாள் ஒற்றைக் காலில் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்து விழுந்தார். அவள்தான் சிகரெட் கடத்துகிறாள் என்று நினைத்து அவளுடைய தூக்குவாளியைக் கிளறினேன். சோறும் சோயா டெம்பேவும்தான் இருந்தன.

மறுநாள் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் அவள் கையைப் பிடித்து, விரல்களை மூக்கில் வைத்து, கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தார். அவள் சிறுவயதிலிருந்து கிரெத்தெக் சுருட்டுகிறவள். வாசனை தோலுக்குள் இறங்கியிருந்தது.

"எவ்வளவு நாளா இது?"

"கல்யாணமான நாள்லேர்ந்து" என்றாள். "இதுக்கும் தடையா?"

வாசனை போகக் கையில் எலுமிச்சை தேய்த்தாள். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாள். போகவில்லை. நான் கொடுத்த கையுறையை அவள் கையிலிருந்து அவர் உருவி எறிந்தார். "பொணம் குளிப்பாட்ட வந்தவ மாதிரி இருக்க."

"வியாழன் வரைக்கும் வராதீங்கம்மா" என்றேன்.

"அப்புறம் அவரைத் துடைச்சு விடறது யாரு? நீயா?"

"நான்தான்."

"சுருட்டற வேலைய விட்டுடேம்மா" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"விட்டுட்டு? உங்க வீட்டுக்கா சாப்பிட வர்றது?"

தர்மாஜி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வராத, திரா."

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அவரை நான்தான் துடைத்துவிட்டேன். என் கை ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கிறது என்று திட்டினார். வாசலில் அவள் நிற்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். நின்றுகொண்டுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை ஊதினார். புகை இல்லை. குழாயை மாற்றினார்கள். கால் பிழைத்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்னார்: "திரும்ப ஆரம்பிச்சா இதுவும் அடைச்சுக்கும். சாகற வரைக்கும் தொடக் கூடாது." தர்மாஜி தலையாட்டினார்.

சுதிரா வார்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். நேராக சிகரெட் ஆலையிலிருந்து வந்திருந்தாள்.

"எங்களுக்கு இருக்கறது ஒரே ரூம், லே" என்று என்னிடம் சொன்னாள். "வேலை முடிஞ்சு நான் எங்க போறது?"

சக்கர நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் விரல்கள் கைப்பிடியைத் தொட்டதும் தர்மாஜி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.