சுருவம் தூக்குகிறவர்கள்

2004 கோடையில், மொன்றியல் தமிழ்த் தேவாலயப் பங்குக்காரர்கள் ஒரு கிராமத்தில் இருந்த யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்துக்குப் போகத் திட்டம் போட்டார்கள். அதன் வாசலில் பதினொரு படிகள். சக்கர நாற்காலியில் இருக்கும் அந்தோனெற், வேறு வழி உண்டா என்று விசாரிக்கும்படி மூன்று கிழமையாகக் கெஞ்சினாள். பங்குச் செயலாளர் சவிரிமுத்து விசாரிக்கவேயில்லை.

“பெருநாள் ஊர்வலத்தில மாதா சுருவத்தை, அவ்வளவு பாரச் சிலையையே தூக்கிற பெடியள். உம்மைத் தூக்கமாட்டாங்களோ, பிள்ளை?” என்று கூட்டத்தில் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தோனெற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சுருவம் வாய் திறக்காது அண்ணை, நான் திறப்பன். காலமை நானே போன் எடுத்தனான். பின்பக்கம் சாய்தளம் இருக்காம். ஒரு போன் எடுக்க உங்களுக்குப் பஞ்சி! என்னைப்போல ஆக்களையும் நாஜிகள் சுமை எண்டுதான் சாக்காட்டினவங்கள். அதைப் பார்க்க என்னைச் சுமையாக்கியோ கொண்டுபோகப் போறியள்?”