வளைவில் நின்ற மெஷின்

புல்வெட்டும் மெஷின் உறுமிக்கொண்டு வந்தது. இன்னும் பத்தடி வந்தால் ஓடைக்கரைப் புல் அத்தனையும் காலி. ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து வந்த நிலோஜினி யோசிக்கவில்லை. சட்டென்று தண்ணீரில் இறங்கிக் குறுக்கே நின்றாள்.

"பைத்தியமா புள்ள? காலு போயிரும்!" கோயில் தலைவர் மாரிமுத்து தோளில் மாட்டியிருந்த மெஷினை அணைத்து இறக்கி வைத்தார்.

தெரணியகலைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில், திருவிழாவுக்கு அம்மன் கரகத்தை ஜோடித்துப் பாலிக்கும் ஓடையை முன்கூட்டியே ஊர்கூடிச் சிரமதானம் போட்டுச் சுத்தம் செய்வார்கள். சுத்தம் என்றால் கரையை மொட்டையடிப்பது.

"புல்லு போனா நெழலு போயிரும் மாமா, தண்ணி சுடும். போன வருஷம் வெட்டுன எடத்துல செவப்புக்கோட்டு மீனு ஒன்னுகூட இல்ல. இந்த வளைவுலதான் மிச்சம்."

"மீனுக்காக அம்மாளப் புதருக்குள்ள எறக்கச் சொல்றியா?"

கூட்டம் சிரித்தது. அவள் முகம் சிவந்தது, ஆனாலும் நகரவில்லை. "கைய விட்டுப் பாருங்க. அப்புறம் வெட்டுங்க."

மாரிமுத்து முனகிக்கொண்டே குனிந்து, வேருக்கடியில் கையை விட்டார். மறுகணம் அவர் விரல்களுக்கிடையே சிவப்புக் கோடுகள் சிதறி ஓடின. பொடிப்பொடிக் குஞ்சுகள்!

"அடேயப்பா, ஊருப்பட்ட குடும்பமில்ல இருக்கு!"

அவர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையேறினார்.

"டேய், கரகம் எறங்க ஒத்தையடிப் பாதை போதும். பாறையோரமா கத்தியால வெட்டுங்க!"

"அப்ப இந்த வளைவு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இங்க ஆள் குடியிருக்குடா!"