பத்து மணி போன்

ரூத்துக்குக் காது கூர்மை. அது அவளுக்கே இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில், வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனி அது. முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவர்களுக்குத் தினமும் காலை பத்து மணிக்கு போன் போட்டு விசாரிப்பது ரூத்தின் பொறுப்பு. என்ன உடம்புக்கு, எந்த டாக்டர், எப்போது வருவீர்கள் என்று மூன்றே கேள்விதான். பதிலை நோட்டில் எழுத வேண்டும்.

அவள் பதிலைவிடப் பதிலுக்குப் பின்னால் வருகிற சத்தத்தைத்தான் கவனிப்பாள். காய்ச்சல் என்று முனகிய ஒருவனுக்குப் பின்னால் கெட்டிமேளம் கொட்டியது. வயிற்றுப்போக்கு என்று சொன்ன பெண்ணுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் "திருமங்கலம், கல்லுப்பட்டி" என்று கூவினான். இரண்டு பேருக்கும் மெமோ போனது. மேனேஜர் செல்வக்குமார் எல்லார் முன்னாலும், ரூத்திடம் பொய் சொல்லிவிட்டு ஒருத்தனும் தப்ப முடியாது என்றார். அன்றைக்கு வில்லாபுரம் வீட்டுக்குப் போகிற வரைக்கும் அவளுக்கு மனசுக்குள் ஒரு பெருமை இருந்துகொண்டே இருந்தது.

அழகுபாண்டி விஷயமும் அப்படி ஒரு சத்தத்தில்தான் தொடங்கியது.

அவன் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். அதிகம் லீவு போடுகிறவனும் இல்லை. திடீரென்று மஞ்சள் காமாலை, டாக்டர் ஒரு மாசம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார் என்று தகவல் அனுப்பினான். முதல் நாள் போன் பண்ணினபோதே பின்னால் கீச்சென்று ஒரு சத்தம், கல்லை மெஷினில் கொடுத்து அறுக்கிற மாதிரி. மறுநாளும் அதே சத்தம். மூன்றாம் நாள் "ஒரு நிமிசம் மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து நடப்பதும், கதவைச் சாத்துவதும் கேட்டது. சத்தம் அடங்கியது. சீக்காளிக்கு எதை மறைக்க வேண்டியிருக்கிறது என்று ரூத் நினைத்தாள். மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகள் அதிகம். இங்கே லீவில் இருந்துகொண்டு அங்கே வேலை பார்க்கிறவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே "கல் அறுக்கும் சத்தம், தினமும்" என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

அவன் பேசுகிற விதமும் சரியில்லை. "இன்னைக்குத் தேதி பதினாலு. மணி பத்து அஞ்சு. அழகுபாண்டி பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பான். எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்? யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போலிருந்தது. டாக்டர் சர்டிபிகேட் எங்கே என்று அவள் கேட்கும்போதெல்லாம், கம்பெனி கேட்டில் கொடுத்தாச்சு என்றான். அவள் மேஜைக்கு ஒரு தாளும் வரவில்லை.

"கேட்டுல குடுத்தா என் கைக்குத்தான வரணும்? பறந்தா போகும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அது எனக்கெப்படி மேடம் தெரியும்" என்றான் அவன்.

பத்தொன்பதாம் நாள் செல்வக்குமார் அவளைக் கூப்பிட்டார். ஆபீஸ் காரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். முன்கூட்டிச் சொல்லாமல் போகவேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். பன்னிரண்டு வருஷ ஆள் ஒருத்தன் போனால் அந்த இடத்தில் கான்ட்ராக்ட்டில் இரண்டு பேரைப் போடலாம் என்று ஆபீஸில் பேச்சு இருந்தது. அதை அவள் அப்போது இதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

ஊர் மேலூர் தாண்டி நாலு கிலோமீட்டர். டிரைவர் நல்லகாமனைக் காரை வாய்க்கால் பக்கமே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தாள். தெரு முக்கு திரும்பியதுமே அந்தக் கீச்சுச் சத்தம் காதில் விழுந்தது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது, கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவளுக்கு வருகிற படபடப்பு. தகரம் போட்ட ஒரு பட்டறை. உள்ளே நாலைந்து பேர் தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியோடு பலகைக்கல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தூசியில் எல்லா முகமும் ஒன்றுபோல இருந்தது. ஒருவன் மெஷினை நிறுத்திவிட்டு யார் வேண்டும் என்று கேட்டான். அழகுபாண்டி என்றாள். அவன் பட்டறைச் சுவரை ஒட்டி நின்ற ஓட்டு வீட்டைக் கை காட்டினான்.

கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் திறந்தது அழகுபாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி. ஜன்னலுக்கு ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள், தூசி வராமல் இருக்க. கட்டிலில் அழகுபாண்டி படுத்திருந்தான். ரூத்தைப் பார்த்து எழ முயன்றான். முடியவில்லை. ஆளே பாதியாகியிருந்தான். கண்ணின் வெள்ளை மஞ்சளாக மாறிப்போயிருந்தது.

அந்த நிலைமையிலும் அவள் புத்தி, நோய் நிஜம்தான், ஆனால் சர்டிபிகேட் விஷயத்தில் சொன்னது பொய்தானே என்று ஒரு பிடியைத் தேடியது.

பாண்டீஸ்வரி உட்காரச் சொல்லவில்லை. மடியிலிருந்த போனை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"மேடம், ரெக்கார்ட் ஆகுது. எந்தத் தாள் கொண்டாந்திருந்தாலும் அவரு கையெழுத்துப் போட மாட்டாரு. அதை இப்பவே சொல்லிப்புடுறேன்."

தான் ஒரு தாளும் கொண்டு வரவில்லை என்றாள் ரூத். பாண்டீஸ்வரி நம்பவில்லை. அவள் பார்வை ரூத்தின் கைப்பையை விட்டு நகரவில்லை.

"இவரோட வேல பாத்த சுருளி அண்ணன் காலு ஒடிஞ்சு கெடந்தப்பவும் கம்பெனியிலருந்து இப்படித்தான வந்தீக? லீவு பேப்பருன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டுப் போனீக. பெறகு பாத்தா அவரே வேலைய விட்டுட்டதா வந்துச்சு."

சுருளி வேலையை விட்ட கடிதத்தை டைப் அடித்தது ரூத்தான். சுருளியின் கையெழுத்து மட்டும் இருந்த வெற்றுத் தாள் ஒன்றைச் செல்வக்குமார் கொண்டு வந்து, இதற்கு மேலே அடித்துக் கொடுங்கள் என்றார். சுருளிக்கு எழுத வராது, அதனால் நாம் அடித்துக் கொடுக்கிறோம் என்றார். அவளும் அடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதை நினைத்ததே இல்லை.

அழகுபாண்டி மனைவியைப் பார்த்து, விடு, மேடத்துக்கு அதெல்லாம் தெரிந்திருக்காது என்றான். பாண்டீஸ்வரி விடவில்லை. போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டாள். ரூத்தின் குரல் அந்த அறைக்குள் கேட்டது. என்ன உடம்புக்கு? எந்த டாக்டர்? எப்ப வருவீங்க? பின்னால என்ன சத்தம்? இன்னொன்றைப் போட்டாள். அதே குரல், அதே கேள்வி. இன்னொன்று. பத்தொன்பது பதிவும் தேதி வாரியாக இருந்தது. நாலாவது பதிவில் அழகுபாண்டி பேசிக்கொண்டிருக்கும்போதே ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அது முடிகிறவரை காத்திருந்த ரூத்தின் குரல், "சரி, சர்டிபிகேட் என்னாச்சு?" என்றது.

ஊரில் யார் குரலையெல்லாமோ சந்தேகத்தோடு கேட்டவள் தன் குரலை இப்படிக் கேட்டதில்லை. போதும் என்று கை காட்டினாள்.

பாண்டீஸ்வரி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுத்த மூன்று சர்டிபிகேட்டின் நகல். மூன்றிலும் கம்பெனி கேட்டில் குத்துகிற வரவு முத்திரை இருந்தது, தேதியோடு. முத்திரை குத்தித் தந்தால்தான் நகர்வேன் என்று ஒவ்வொரு தடவையும் நின்று வாங்கியதாகச் சொன்னாள். முதல் சர்டிபிகேட் லீவு போட்ட மூன்றாம் நாளே கேட்டுக்குப் போயிருந்தது.

கிளம்பும்போது ரூத் கட்டில் பக்கம் திரும்பி, நல்லாச் சாப்பிடுங்க, உடம்பைப் பாத்துக்கங்க என்றாள். அவன் தலையை ஆட்டினான். பாண்டீஸ்வரி கதவைச் சாத்திய பிறகுதான், அந்தப் பேச்சும் பதிவாகியிருக்கும் என்பது ரூத்துக்கு உறைத்தது.

காரில் நல்லகாமன், ஆள் இருந்தானா மேடம் என்று கேட்டான். வழக்கமாக அவன் எதையும் கேட்கிறவன் இல்லை. யார் கேட்கச் சொன்னது என்று அவளுக்குத் தோன்றியது. தலைவலி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் இறங்கியதும் நேராகக் கேட் அறைக்குப் போனாள். செக்யூரிட்டி மருது தபால் வரவுப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அழகுபாண்டியின் மூன்று சர்டிபிகேட்டும் அதில் வரவாகியிருந்தன. மூன்றுக்கும் எதிரே செல்வக்குமாரின் கையெழுத்து.

"ஏண்ணே, இதெல்லாம் எனக்குத்தான வரணும்?"

"அழகுபாண்டி பேருல எது வந்தாலும் தன் கையில மட்டும் குடுக்கணும்னு சார் சொல்லியிருக்காரும்மா. நமக்கென்ன தெரியும்?" என்றார் மருது. பிறகு பதிவேட்டை மெதுவாக மூடினார்.

செல்வக்குமார் அவளுக்காகக் காத்திருந்தார். டீ வரவழைத்தார். ரூத் பார்த்ததைச் சொன்னாள். சர்டிபிகேட்டைப் பற்றியும் கேட்டுவிட்டாள். அவர் முகம் மாறவே இல்லை. அதெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மேஜையிலிருந்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். தகவல் இல்லாமல் பத்து நாளுக்கு மேல் வராததால் அழகுபாண்டி தானே வேலையை விட்டதாகக் கருதப்படுகிறது என்று இருந்தது. பத்தொன்பது நாளும் போன் பண்ணியும் அவர் எடுக்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்தும் ஆள் இல்லை என்றும் இருந்தது. கீழே ரூத் கையெழுத்துப் போடுவதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

அவள் போவதற்கு முன்பே அடித்து வைத்த தாள் அது.

"படிச்சுப் பாத்துட்டுத் தரேன் சார்" என்று எடுத்துக்கொண்டு வந்தாள். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அதை மறுபடி வாசித்தாள். இந்த வேலையை நம்பித்தான் வீடு ஓடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்றோடு முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் பத்தொன்பது பதிவு இருக்கிறது. நாளைக்கு லேபர் ஆபீஸில் அதைப் போட்டால் பொய் சொன்னவள் என்று நிற்கப்போவது செல்வக்குமார் இல்லை, அவள்தான். இதற்காகத்தான் தன்னை அனுப்பினாரா? சுருளியின் தாளும் இப்படித்தான் தன் கை வழியாகப் போனதா? தான் பிடித்துக் கொடுத்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அதில் எத்தனை பேர் நிஜமாகவே பொய் சொன்னவர்கள் என்று இப்போது அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் கைப்பட எழுதினாள். பத்தொன்பது நாளும் அழகுபாண்டி போனை எடுத்துப் பேசினார். இன்று வீட்டில் பார்த்தேன், எழ முடியாமல் இருக்கிறார். மூன்று சர்டிபிகேட் கேட்டில் பெறப்பட்டுள்ளன. நகல் எடுத்து, இரண்டையும் மருதுவிடம் கொண்டுபோய் முத்திரை குத்தச் சொன்னாள். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். வாசித்துவிட்டுக் குத்திக் கொடுத்தார். நகலைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூலத்தைச் செல்வக்குமார் மேஜையில் வைத்தாள். அவர் முத்திரையைத்தான் முதலில் பார்த்தார்.

"உங்களை எம்புட்டு நம்பினேன் ரூத்" என்றார்.

அதோடு சரி. வேலையை விட்டதாக அடித்து வைத்த கடிதம் அழகுபாண்டிக்குப் போகவில்லை. ஏழாவது வாரம் அவன் வேலைக்கு வந்தான். அவனை பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். எதிரே வரும்போது ரூத்துக்கு வணக்கம் சொல்வான், நின்று பேசமாட்டான். ரூத்தை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மேஜையை மட்டும் செல்வக்குமார் அறைக்கண்ணாடி ஓரமாக மாற்றிப் போட்டார்கள். அவள் போனில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் இனி அவர் காதில் விழும். சுருளியைத் தேடி இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தாள். அவர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார் என்று மட்டும் தெரிந்தது.

பத்து மணி போன் நிற்கவில்லை. அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். பின்னால் கேட்கிற சத்தத்தை எழுதுவதில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு வாரம், வாஷருக்கு ஓரம் வெட்டுகிற டிரிம்மிங்கில் இருக்கிற தாமரைச்செல்விக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. ரூத் போன் பண்ணி, கஞ்சி ஏதாவது குடித்தாயா, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள்.

"எதுக்கு மேடம் கேக்குறீங்க?"

சும்மாதான் என்றாள் ரூத். டாக்டர் வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெஸ்ட் சொல்லியிருக்கிறாரே, அதுவரைக்கும் வரவேண்டாம் என்றாள். தாமரைச்செல்வி சரி மேடம் என்று உடனே போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணி ஷிப்டுக்கு ரூத் வரும்போது, நனைந்த துப்பட்டாவோடு கேட்டில் வரிசையில் நின்றிருந்தாள் தாமரைச்செல்வி. கண் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது.

"வராதன்னுதான சொன்னேன்?"

"அதான் மேடம் வந்தேன்" என்றாள் அவள். "வரவேணாம்னு நீங்களே சொல்லிட்டு, அப்புறம் வரலைன்னு எழுதிட்டா நான் எங்கன போய்ச் சொல்லுவேன்?"

ரூத்துக்குக் கோபம் வரவில்லை. மருதுவிடம் ஒரு தாள் வாங்கி, உடல்நிலை காரணமாக வெள்ளிக்கிழமை வரை இவருக்கு ஓய்வு, வேலைக்கு வந்தவரை நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். ரோட்டில் போன ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

தாமரைச்செல்வி அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தாள். தூறலில் நனையாமல் மறைத்துப் பிடித்து அதை போனில் ஒரு போட்டோ எடுத்தாள். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினாள்.