பிரபாவின் மூக்கு

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் பாதிப் பரீட்சையை எழுதுவது மூக்குதான். சேர்மத்தை வாங்கியதும் மோந்து பார்த்துப் பெயரைப் பிடித்துவிட்டு, அதற்குத் தோதாகச் சோதனைகளை எழுதிக்கொள்வார்கள். அந்தப் பள்ளியில் எல்லாரும் இப்படித்தான் கரையேறினார்கள். பிரபாவுக்கு மட்டும், கொரோனா வந்து போனதிலிருந்து மூக்கு முகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. கேலிக்குப் பயந்து யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

இதில் தேறாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். அக்கா அம்சாவோடு தினமும் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏற வேண்டும். அப்பா உலகநாதன் சூப்பர்வைசரிடம் பேசியே வைத்துவிட்டார்.

பரீட்சையன்று அவள் கையில் நிறமில்லாத திரவம். எரித்தாள், கரும்புகை கிளம்பியது. ஆக, உள்ளே பென்சீன் வளையம் உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கும் கார்பன் இருப்பதும் முந்தைய சோதனையில் தெரிந்துவிட்டது. மிச்சம் ஒரே கேள்விதான். ஆக்சிஜனைச் சுமக்கும் கார்பனின் பக்கத்தில் ஹைட்ரஜன் இருந்தால் ஆல்டிஹைடு, இருபுறமும் கார்பனே இருந்தால் கீட்டோன். ஆல்டிஹைடானால் டாலன்ஸ் சோதனையில் குழாயின் உட்சுவரில் வெள்ளி கண்ணாடிபோலப் படியும். அவளுக்கோ கறுப்பாக ஏதோ கசடு வந்தது. செத்தோம் என்று நினைத்தாள்.

பக்கத்து மேசை ஸ்ரீதேவி பொறுக்க மாட்டாமல் கிசுகிசுத்தாள். "இன்னாடி யோசிச்சிகினு கீற? மோந்து பாரு."

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுப்பிரமணி அதற்குள் வந்துவிட்டார். விடைத்தாளில் மணம் என்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, என்ன வாசனை என்று கேட்டார்.

இந்த வகை ஆல்டிஹைடுக்குப் பாதாம் வாசனை என்று புத்தகத்தில் இருந்தது, அதையே அடித்துவிடலாம். உண்மையைச் சொன்னால் மானம் போகும்.

"எனக்கு வாசனயே தெரியாது சார். கொரோனாலேர்ந்து."

அறையே திரும்பிப் பார்த்தது. சுப்பிரமணி அவள் மேசையை விட்டு நகரவில்லை.

மூக்கு கைவிட்டவளுக்குச் சோதனையைத் தவிர வேறு கதி ஏது? குழாய் அழுக்காக இருந்தால் வெள்ளி ஒட்டாது என்று அப்போதுதான் உறைத்தது. வேறொரு குழாயை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். புதிதாகக் கலந்த டாலன்ஸ் கரைசலில் அந்தத் திரவத்தில் மிச்சமிருந்த நாலு சொட்டையும் விட்டு வெந்நீரில் நிறுத்தினாள். ஒன்றுமில்லை. வேன் ஹாரன் காதில் கேட்கிற மாதிரியே இருந்தது.

மெல்ல உட்சுவர் பளபளத்தது. குழாயைத் தூக்கிப் பார்த்தாள். அந்த வளைந்த வெள்ளியில் அவள் முகம் தெரிந்தது, அதிலும் மூக்குதான் பெரிதாக. பிரபா அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.