ஓரம் மடித்த தாள்

அப்துல் வஹாப் இறந்து ஐந்து மாதம் கழித்துத்தான் எங்கள் சுகாதார அலுவலகத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்தால்தான் தன்னால் வெளியே வர முடியும் என்று அவர் மனைவி அஜீசுன்னிசா சொல்லி அனுப்பியிருந்தார். அஞ்சலி உரை எழுதும் வேலையை அதிகாரி என் தலையில் கட்டினார். ஆபீசிலேயே கோர்வையாக எழுதுகிறவன் நீதானே என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வஹாபைத் திருவொற்றியூரை விட்டுத் தூக்கியதே என் எழுத்துதான்.

என் பெயர் லட்சுமணன். தபால் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். இதையாவது பெயர் போட்டு எழுதுகிறேன்.

வஹாப் சானிடரி இன்ஸ்பெக்டர். எண்ணூர் முதல் காலடிப்பேட்டை வரை கடலோரக் குப்பங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பழவேற்காட்டில் பிறந்து ஏரித் தண்ணீரில் கால் நனைத்து வளர்ந்தவர், நாற்காலி என்றாலே அவருக்கு ஆகாது. விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பதினோரு மணிக்குள் கிணறுகளுக்கு மருந்து போட்டு, காலராவுக்கு ஊசி போட்டு, வாந்திபேதி கண்ட வீடுகளைப் பார்த்து முடித்திருப்பார். மதிய இடைவேளையில் அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்து மதகில் உட்கார்ந்து பறவை பார்ப்பார். யுத்தம் முடிந்த வருஷம் மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பழைய தூரக்கண்ணாடி எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். ஒரு முறை பருந்துகள் ஓரிடத்தையே வட்டமிடுவதைப் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார். குடிதண்ணீர்க் குட்டையில் செத்த மாடு கிடந்தது. அந்தக் குப்பத்தில் அந்த வருஷம் வாந்திபேதியில் ஒருவரும் சாகவில்லை.

என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதகுக்குக் கூட்டிப்போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. போன பாவத்துக்கு உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை என் கண்ணில் வைத்து ஒரு பக்கமாகத் திருப்பினார். தண்ணீரில் நூறு பூநாரைகள் நின்றன. இவ்வளவு நாள் பத்து மைல் தொலைவில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று கண்ணாடியை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவைகளின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். எடுத்ததும் இடது பக்கம் கால்வாசியை மடித்து ஓரம் விட்டேன். வஹாப் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாரைக்குக் கூடவா மேலதிகாரி குறிப்பு எழுதணும், லட்சுமணா?"

குமாஸ்தாக்களின் கை அப்படித்தான் பழகியிருக்கும். எதை எழுதினாலும் மேலே இருப்பவர் குறிப்புப் போட ஓரத்தில் இடம் விட்டாக வேண்டும். அவருடைய பறவை நோட்டில் ஓரமும் இல்லை, தமிழ் எழுத்தும் இல்லை. சின்ன வயதில் மதரஸாவில் கற்றபடி, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில், வலமிருந்து இடமாக எழுதிவைத்திருந்தார். வீட்டில் அஜீசுன்னிசாவுக்கு அது மட்டும்தான் படிக்க வரும் என்றார். எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை.

அடுத்த மாதமே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. காலடிப்பேட்டையில் என் மைத்துனன் ஜெயவேல் கலர் சோடா போட்டு விற்றுவந்தான். அவன் தண்ணீர் எடுத்த கிணற்றுக்குப் பக்கத்திலேயே சாக்கடை ஓடியது. வஹாப் கடையைப் பூட்டி சீல் வைத்துவிட்டார். ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் பாய், கல்யாண சீசன் என்று கேட்டுப் பார்த்தேன். அந்த சோடாவை உன் பிள்ளைக்குக் கொடுப்பாயா என்று கேட்டார். கொடுக்க மாட்டேன். அது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் கோபம் தலைக்கேறியது. வீட்டில் என் மனைவி மலர்க்கொடி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன்.

இடது கையால் எழுதினேன். 'எண்ணூர்ப் பொதுஜனம்' எழுதுவது போல வேண்டுமென்றே கொச்சையாக எழுதினேன். சானிடரி இன்ஸ்பெக்டர் சர்க்கார் நேரத்தில் உப்பளத்து மூன்றாம் மதகில் உட்கார்ந்து குழல் வைத்து வேடிக்கை பார்க்கிறார், குப்பத்துப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று எழுதினேன். அந்த மதகுக்கு என்னைக் கூட்டிப்போனவரே அவர்தான். மறுநாள் அந்தக் கடிதம் என் மேஜைக்கே வந்தது. என் கையாலேயே அதற்கு முத்திரை குத்தி, எண் போட்டு, உத்தரவுக்குச் சமர்ப்பிக்கிறேன் என்று எழுதி மேலே அனுப்பினேன்.

அதிகாரி வஹாபைக் கூப்பிட்டு, மூலக் கடிதத்தையே கையில் கொடுத்து விளக்கம் கேட்டார். மதிய இடைவேளையில் பறவை பார்த்தது உண்மை, வேலையில் குறை வைக்கவில்லை என்று வஹாப் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். கடிதம் திரும்பி வரவில்லை, கோப்பில் நகல் மட்டும் இருந்தது. தொலைந்தது சனியன் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். வஹாபைப் புளியந்தோப்பில் ஆடு வெட்டும் ஆட்டுத்தொட்டிக்கு மாற்றினார்கள். நான்கு சுவருக்குள் இறைச்சிக்கு முத்திரை வைக்கும் வேலை. ஒரு நாள் அங்கே அவரைப் பார்க்கப் போனேன். என் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். அண்ணாந்து பார்த்து, இங்கேயும் பருந்து வருகிறது, அது போதும் என்றார். மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தார். ஒரு நாள் கூட லீவு போடவில்லை. பிறகு ஒரு காலையில், வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

உரைக்கு விவரம் கேட்கத் தண்டையார்ப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அஜீசுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசல் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். பிறந்த ஊர், வேலையில் சேர்ந்த வருஷம் எல்லாம் சொன்னார். பிறகு அந்தப் பறவை நோட்டைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துத் திரைக்கு வெளியே நீட்டினார்.

"இத அவரு பத்திரமா வச்சிருந்தாரு. எனக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே."

என் கடுதாசி. இடது பக்கம் கால்வாசி ஓரம் மடித்துவிட்டது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. எந்த மீன்பிடிக்கிறவன் தாளை மடித்து ஓரம் விடுவான்? ஓரத்தில் வஹாபின் கையெழுத்தில் நான்கைந்து வரி அரபுத் தமிழ் இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

எண்ணூர் ஜனங்கள் பாயைப் புகழ்ந்து எழுதிய கடிதம் என்றேன். அத்தோடு விட்டேனா? தாளைப் பார்த்தே ஒவ்வொரு வரியாகக் கட்டிவிட்டேன். விடியுமுன் வருவார், எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினார், பருந்தைப் பார்த்தே குட்டையைச் சுத்தம் செய்தார் என்றேன். சொன்னது எல்லாம் நடந்ததுதான், தாளில்தான் ஒன்றும் இல்லை. அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்.

"அப்போ இதயும் கூட்டத்துல படிங்க."

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்வேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்ததும் அந்த முடிவு கரைந்துபோகும்.

கூட்டத்துக்கு எண்ணூரிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். அஜீசுன்னிசா பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் உரையைப் படித்தேன். பிறகு அந்தத் தாளை எடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் எண்ணூர்ப் பொதுஜனத்தின் புகழ்மாலையை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். வீட்டில் சொன்னதைவிட இரண்டு வரி அதிகமாகவே வந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் குப்பம்மா எழுந்தாள். குட்டையில் செத்த மாடு கிடந்தது அவளுடைய குப்பத்தில்தான்.

"எங்க குப்பத்துல ஒருத்தருக்கும் எழுதத் தெரியாது சாமி. யாரு எழுதினாங்களோ, உள்ளத உள்ளபடி எழுதிக்கிறாங்க. அந்தப் புண்ணியவான் புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யார் யார் பேசினார்கள் என்று நினைவில்லை.

கூட்டம் முடிந்து காபி வந்தது. அஜீசுன்னிசா என்னிடம் வந்து தாளைக் கேட்டார். கொடுத்தேன். ஓரத்தில் இருப்பதை மட்டும் நீங்கள் படிக்கவே இல்லையே என்றார். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் படித்தார்.

"இதை எழுதினது நம்ம லட்சுமணன். ஓரம் மடிச்சதே சொல்லுது. அவனுக்கு நாலு புள்ளைங்க. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

"வூட்லயே நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இங்கயாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அவரு சொல்ல வேணாம்னாரு, அதனால நான் சொல்லல. சொல்ல வேணாம்னு உங்களுக்கு அவரு ஒண்ணும் சொல்லலையே, அண்ணே."

பத்தடி தள்ளி அதிகாரி நின்றிருந்தார். குப்பத்து ஜனங்களும் அங்கேயே நின்றிருந்தார்கள். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும். அதிகாரி எங்கள் பக்கம் வந்து, லட்சுமணன் எப்படிப் படித்தான் பார்த்தீர்களா அம்மா என்று என் தோளைத் தட்டினார். அஜீசுன்னிசா அவர் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"எல்லாம் பாயோட புண்ணியம் சார்" என்றேன்.

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். பியூன் கோதண்டம் காபி டம்ளரை நீட்டினான். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மியாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் போடு என்றேன்.