நாலாவது அடுக்கு

ஐந்தாவது முறையும் படம் வரையும் கேட் (CAD) சாஃப்ட்வேர் அதையே சொன்னது: வடிவம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. சின்னவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் படகை இழுக்கும் வின்ச்சின் டிரம் சாம்பல் நிறத்தில் நின்றது. அதன்மேல் மூன்று அடுக்குக் கம்பிக்கயிறு. ஓர் அடுக்கு நிரம்பி டிரம்மின் ஓரத்தட்டை முட்டியதும், கயிறு கீழே கிடக்கும் சுற்றின் முதுகில் ஏறித் திரும்பி, அடுத்த அடுக்கைத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு ஏற்றங்களைப் போட்டு முடிக்கவே அவளுக்கு ஒன்றரை நாள் ஆகியிருந்தது. மூன்றாவது, நாலாம் அடுக்குக்குப் போகிற ஏற்றம், பிடிகொடுக்கவில்லை.

மாமாவின் வலது கை போனது அந்த இடத்தில்தான்.

மாமா அவளுடைய அக்காவின் கணவர். அவள் வேலைபார்க்கும் அதே படகுப் பழுதுத்தளத்தில் பதினான்கு வருடமாக வின்ச் ஓட்டியவர். போன வருடம் படகு ஏற்றும் சரிவைத் தண்ணீருக்குள் நீட்டினார்கள். நீளமான கயிறு போட்டார்கள். டிரம்மை மட்டும் மாற்றவில்லை. மூன்றடுக்குக்குச் செய்த டிரம்மில் நாலடுக்கு சுற்றியது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டிருந்தபோது கயிறு ஓரத்தட்டைத் தாண்டி வெளியே விழுந்து வீசியடித்தது. லீவர்மேல் இருந்த கையில் கட்டைவிரல்கூட மிஞ்சவில்லை. கயிற்றைக் கையால் தள்ளிவிடப் போனார், அவருடைய தப்பு என்றது நிர்வாகம். இன்று மூன்று மணிக்கு விசாரணை. அதில் வைக்கத்தான் இந்தப் படம். தப்பு அவருடையது என்று முடிவானால் வேலையும் போகும், கம்பெனி கொடுத்த இரண்டு அறை வீடும் போகும்.

நேற்றுச் சாயங்காலம் மாமா துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து வந்து, ஒயர் சுற்றிவந்த காலி பிளாஸ்டிக் உருளையில் இடது கையால் சுற்றினார். உருளையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"கீழ ரெண்டு சுத்துக்கு நடுவுல பள்ளம் இருக்குல்ல, மேல வர்றது அதுல சமத்தா உக்காந்துக்கும். ஆனா ஓரத்துல பாரு. இங்க பள்ளமே இல்ல. ஒருத்தன் தோள்மேல இன்னொருத்தன் ஏறி நிக்கற கதைதான்."

நாலாவது அடுக்கு தொடங்கிய அந்த ஓரிடத்தில் மட்டும் கயிறு விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது.

"இத மட்டும் அப்படியே வரைஞ்சு காட்டு, சின்னக்குட்டி. மத்தத நான் பேசிக்கறேன்."

"பேசிக் கிழிச்சீங்க," என்றாள் அக்கா ஈரத்துணி வாளியோடு. "என்னைக் கல்யாணத்துக்குக் கேக்க வந்தப்பவே உங்க அண்ணன்தான் பேசினாரு. விளையாடி முடிச்சிட்டா கொடிய குடுங்க."

மாமா சிரித்தார். சிரிக்கும்போதும் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் வந்து பின்னால் நின்றார்.

"முடிஞ்சுதாம்மா?"

"ஏறுற இடம் வரமாட்டேங்குது சார். நாளைக்கு வரைக்கும் டைம் குடுத்தா போட்டுடுவேன்."

"மூணு மணிக்கு விசாரணைய வச்சுக்கிட்டு நாளைக்குங்கற. வளையமா போட்டுடேன். நீங்க எல்லாம் அப்படித்தானே போடுவீங்க?"

அது உண்மைதான். கயிற்றை யாரும் கயிறாக வரைவதில்லை. வளையத்தை வளையத்தின் பக்கத்தில் அடுக்குவார்கள். அடுத்த வரிசையைப் பள்ளங்களில் உட்காரவைப்பார்கள். கம்ப்யூட்டர் திணறாது. பார்ப்பவர் கண்ணுக்குக் கயிறுதான். அவளே எத்தனையோ தடவை செய்திருக்கிறாள்.

"வளையம் போட்டா ஏறுற இடமே இருக்காது சார்."

மேனேஜர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மாமாங்கறதாலதான் இத உன்கிட்ட குடுத்தேன். சொந்தக்காரப் பொண்ணே வரைஞ்சதுன்னா நாளைக்கு ஒருத்தன் வாயத் திறக்க முடியாது பாரு." நகரப்போனவர் நின்றார். "அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியுதுல்ல? நல்லாத்தான் வேலை செய்யற. நான் சொல்றேன் மேல."

மூன்று வாரமாக வீட்டில் அவளுடைய சம்பளம் ஒன்றுதான். அவள் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஆறாவது முறை முயன்றாள். ஏழாவது முறை கம்ப்யூட்டரே நின்றுபோனது. அது உயிர்பெற்று வந்தபோது மணி ஒன்று ஐம்பது. திரையில் இருந்த இரண்டு ஏற்றங்களையும் அழித்தாள். வளையங்கள் போட இருபது நிமிடம் போதுமாக இருந்தது. நாலாவது அடுக்கு ஓரத்தட்டின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரிசை குலையாமல் அமர்ந்திருந்தது. அச்சடித்து எடுத்தபோது தாள் சூடாக இருந்தது.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். படத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"தட்டுக்குள்ள இடம் மிச்சம் இருக்கே. கயிறு தானா எப்படிங்க வெளிய வரும்?"

மாமா தாளை வாங்கி மேசைமேல் விரித்தார். இடது ஆட்காட்டி விரலை மேலடுக்கில் ஒரு சுற்றின்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். அது கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்தது. பக்கத்துச் சுற்றில் வைத்தார். அதுவும் வந்தது. ஓரத்தட்டுவரை ஒவ்வொன்றாகத் தேடிப்போனார்.

"சின்னக்குட்டி, இதுல கயிறு எங்க ஏறுது?"

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே வரைஞ்சீங்க?" என்றார் அதிகாரி. "அளவெல்லாம் சரியா?"

டிரம்மின் அளவு சரி. கயிற்றின் தடிமன் சரி. தட்டின் உயரத்தை அவளே போய் அளந்துவந்திருந்தாள்.

"அளவு சரிதான் சார்."

மாமா தாளிலிருந்து விரலை எடுத்தார்.

"படத்தப் பாத்தீங்கன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றார் அதிகாரி. மாமா இடது கையில் பேனாவை வாங்கினார். முதல் எழுத்துக் கோணிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனது.

"ரேகை போதும்," என்று மேனேஜர் மைப்பெட்டியைத் தள்ளினார்.

"எழுதத் தெரியும் சார்," என்றார் மாமா.

தாளின் மூலையில் வரைந்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் அவருடைய இடது பெருவிரலை வைத்து அழுத்தினார்கள். அதிகாரி தாளை எடுத்துக் கோப்பில் வைத்து மூடினார். மாமா மைபட்ட விரலைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதைத் துடைக்க, கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் நெஞ்சிலிருந்து எடுத்தார். பிறகு பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.